ஒட்டு பிடிக்காத கன்றுகள்: ஜப்பானிய அதிரடி விளையாட்டுகள் கணினிக்கு வந்த வரலாறு

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களின் நாற்றங்கால்களில் ஒட்டு கட்டுதல் என்பது கைத்திறனும் பொறுமையும் ஒருசேரத் தேவைப்பட்ட வேலை. விதையிலிருந்து முளைத்த கன்றின் பட்டையைச் சிறு கதவுபோலக் கீறித் திறந்து, நிறையப் பால் தரும் தேர்ந்த மரத்தின் கிளையிலிருந்து சீவியெடுத்த மொட்டை அதனுள் பொருத்தி, நாடாவால் இறுகக் கட்டி, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, மொட்டின் பட்டையைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே பச்சை தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று பொருள், கறுத்திருந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். வேர் ஒரு மரத்தினுடையது, பால் வேறொரு மரத்தினுடையது என்ற இந்த ஏற்பாடு, கணினி விளையாட்டுத் துறையில் 'போர்ட்' எனப்படும் வேலையை விளங்கிக்கொள்ள நல்ல துணையாகிறது. ஒரு கருவிக்கென்று எழுதப்பட்ட விளையாட்டை வேறொரு கருவியில் இயங்கும்படி மாற்றியமைப்பதே போர்ட். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்படும் 'கன்சோல்' பெட்டிகளுக்காக ஜப்பானில் உருவான அதிரடி விளையாட்டுகள், அதாவது கைவேகத்தையும் நொடியின் சிறு பகுதிக்குள் எடுக்கும் முடிவையும் நம்பி அமைந்த விளையாட்டுகள், வீட்டுக் கணினியின் வேரில் ஒட்டப்பட்ட கதை முப்பது ஆண்டு நீளமுடையது. அந்த ஒட்டு நன்றாகப் பிடித்த இடங்களும் உண்டு, கறுத்துப்போன இடங்களும் உண்டு.

தோட்டப்புற வரலாற்றோடு இந்தக் கதைக்கு இருக்கும் தொடர்பு தற்செயலானதன்று. பல தோட்டங்களில் நெடுங்காலம் ஜெனரேட்டர் மின்சாரம் மாலையிலும் விடியலுக்கு முன்னும் சில மணி நேரம் மட்டுமே லயத்து வீடுகளுக்கு விடப்பட்டது. நாள் முழுதும் மின்சாரம் கிடைத்த பிறகுதான் தொலைக்காட்சியும், அதனோடு இணைக்கும் மைக்ரோ ஜீனியஸ் போன்ற தைவான் நகல் விளையாட்டுப் பெட்டிகளும் தயக்கமின்றி வாங்கப்படும் பொருள்களாயின. ரப்பர் செம்பனைக்கு இடம்விட, செம்பனையும் பல இடங்களில் தொழிற்பேட்டைகளுக்கும் தாமான்களுக்கும் இடம்விட்ட 1980களிலும் 1990களிலும், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கம்பெனி பஸ் ஏறி செனவாங்கிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள மின்னணு ஆலைகளிலும் வேலைக்குப் போயினர். சிரம்பானுக்கு அருகில் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில் சாம்சுங் குழுமம் தொலைக்காட்சிக்கும் கணினித் திரைக்கும் வேண்டிய படக்குழாய்களைப் பெருமளவில் உருவாக்கிய காலம் அது. உலகின் பல மூலைகளில் இந்த விளையாட்டுகள் ஒளிர்ந்த திரைகளில் ஒரு பங்கு நெகிரி செம்பிலானிலிருந்து புறப்பட்டது என்பது இம்மாநில வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

வீட்டுக்குக் கணினி வாங்கும் முடிவு பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டே எடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்க வழிசெய்த திட்டம் குறுகிய காலமே நடந்தது என்றாலும், கணினி என்பது படிப்புக்கான முதலீடு, ஆகவே அதற்காகச் சேமிப்பில் கைவைக்கலாம் என்ற எண்ணத்தை அது உறுதிப்படுத்தியது. விளையாட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்கித் தரும்படி பெற்றோரிடம் கேட்பது அத்தனை எளிதன்று. இதனால் ஒரு ஜப்பானிய விளையாட்டின் கணினிப் பதிப்பு எப்படி அமைந்ததோ, அப்படித்தான் அந்த விளையாட்டே அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகமானது. கன்சோல் பதிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லாத இடத்தில், பதிப்பின் குறை விளையாடுபவரின் குறையாகத் தோன்றிவிடுகிறது. கை போதவில்லை, கணினி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைக்கு, எங்கோ ஓர் அலுவலகத்தில் அவசரமாக முடிக்கப்பட்ட வேலையின் விளைவு அது என்று சொல்ல ஆளில்லை. போர்ட்டின் தரம் என்பது தொழில்நுட்பப் பேச்சாக மட்டும் நின்றுவிடாமல் நியாயத்தைப் பற்றிய பேச்சாகவும் ஆவது இதனால்தான்.

ஒட்டு ஏன் பிடிக்காமல் போகிறது என்பதற்கான காரணங்களில் தலையாயது காலக்கணக்கு. திரையில் தெரியும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் அசையாப் படங்களால் ஆனது. அந்தப் படம் ஒவ்வொன்றும் 'பிரேம்' எனப்படும். கன்சோல் என்பது ஒரே அளவில் லட்சக்கணக்கில் செய்யப்படும் பெட்டி என்பதால், அதற்கு எழுதுபவர் நொடிக்கு 30 பிரேம் அல்லது 60 பிரேம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பிரேம்களை எண்ணியே காலத்தை அளந்துவிட முடியும். எதிரியின் வாள் இத்தனையாவது பிரேமில் இறங்கும், பாத்திரம் இத்தனை பிரேம் காற்றில் இருக்கும் என்றெல்லாம் விளையாட்டு முழுதும் அந்த எண்ணிக்கையில் கட்டப்பட்டிருக்கும். கணினியோ வீட்டுக்கு வீடு வேறுபடுவது. ஒன்று நொடிக்கு 20 பிரேம் வரைந்தால், மற்றொன்று 140 வரைந்துவிடும். எண்ணிக்கை மாறியதும் காலமே மாறிவிடும்.

இந்தக் கோளாறு கணினிக்கு முன்பே மலேசியத் தொலைக்காட்சிகளில் இருந்தது என்பதை நினைவுகூர வேண்டும். ஜப்பானின் தொலைக்காட்சி முறை நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது. மலேசியா பின்பற்றிய 'பால்' (PAL) எனப்படும் ஒளிபரப்பு முறை 50 முறைதான் புதுப்பித்தது. பிரேம் எண்ணிக் காலம் அளந்த ஜப்பானிய விளையாட்டுகளை உரிய திருத்தமின்றிப் பால் முறைக்கு மாற்றியபோது அவை ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஊர்ந்தன, இசைகூட மெதுவானது.

கணினிக்கு வந்த முதல் அலை நம்பிக்கையோடுதான் வந்தது. மைக்ரோசாஃப்ட் 1995இல் விண்டோஸ் 95ஐ வெளியிட்டு, பலவகை வன்பொருளோடு விளையாட்டுகள் ஒரே முறையில் பேசுவதற்கான 'டைரக்ட்எக்ஸ்' என்ற இடைத்தளத்தையும் அளித்தபோது, சேகா நிறுவனம் தன் புகழ்பெற்ற விளையாட்டுகளைக் கணினிக்குக் கொண்டுவரத் தொடங்கியது. என்விடியாவின் முதல் வரைகலைச் சில்லான என்வி1ஐக் கொண்ட அட்டையோடு விர்சுவா ஃபைட்டர், பான்சர் டிராகூன் ஆகியவை 1995இல் விற்கப்பட்டன. அந்த அட்டையில் சேகா சாட்டர்ன் கன்சோலின் கைப்பிடியைச் செருகவே இடம் வைத்திருந்தார்கள். சாட்டர்ன் நாற்கரப் பரப்புகளால் உருவங்களை வரைந்தது, என்வி1உம் அதற்கு நெருங்கிய முறையில் வரைந்தது; ஆகவே அந்த ஒட்டுக்கு வேர் பொருந்தியது. ஆனால் டைரக்ட்எக்ஸ் முக்கோணங்களை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்ததால் அந்த வேரே பட்டுப்போனது. தொடர்ந்து காப்காமின் ரெசிடென்ட் ஈவில் 1990களின் பிற்பகுதியிலும், கொனாமியின் மெட்டல் கியர் சாலிட் 2000த்திலும் கணினிக்கு வந்தன. இவற்றின் பதிப்பு வேலையையும் விற்பனையையும் பெரும்பாலும் மேற்கத்திய நிறுவனங்கள் ஏற்றன. மூல விளையாட்டை உருவாக்கியவர்கள் அடுத்த கன்சோல் விளையாட்டில் மூழ்கியிருக்க, கணினிப் பதிப்பு அயலார் கையில் விடப்படும் வழக்கம் அப்போதே வேரூன்றியது.

வழக்கத்தின் அடிமட்டம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. காப்காமின் டெவில் மே கிரை 3, ரெசிடென்ட் ஈவில் 4 ஆகிய இரண்டும், அதிரடி விளையாட்டு வரலாற்றையே திருப்பிவிட்டவை எனத் தயங்காமல் சொல்லத்தக்கவை, ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தால் கணினிக்கு மாற்றப்பட்டு, மேற்கில் யூபிசாஃப்ட் மூலம் விற்பனைக்கு வந்தன. ரெசிடென்ட் ஈவில் 4 முதலில் 2005 ஜனவரியில் நிண்டெண்டோ கேம்கியூபுக்காக வெளிவந்தது. அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 2க்கு மாற்றப்பட்டபோது, அந்தப் பெட்டியின் வலிமைக்கேற்ப ஒளியமைப்பும் நுணுக்கமும் குறைக்கப்பட்டு, கதைக்காட்சிகள் முன்பதிவு செய்த காணொளிகளாக மாற்றப்பட்டன. கணினிப் பதிப்பு இந்தக் குறைக்கப்பட்ட பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. பால் நிறைந்த தாய்மரம் இருக்க, வாடிய கிளையில் மொட்டெடுத்த கதை இது. வெளிவந்த நாளில் அதில் நிழல்களும் ஒளி விளைவுகளும் சரியாக இல்லை. துப்பாக்கியால் குறிபார்ப்பதே உயிராக இருக்கும் விளையாட்டில், குறிபார்ப்பதற்குக் கணினியின் மிகச் சிறந்த கருவியான மவுஸ் வேலை செய்யவே இல்லை.

அதைவிட வேதனை தருவது பொத்தான் அறிவிப்புகள். பாறை உருண்டு வரும்போதோ, கத்தி நெஞ்சுக்கு நேரே பாயும்போதோ, திரையில் தோன்றும் பொத்தான்களை ஒரு நொடிக்குள் அழுத்தித் தப்பிக்க வேண்டிய காட்சிகள் அந்த விளையாட்டில் நிறைய உண்டு. கணினிப் பதிப்பின் திரையில் விசைப்பலகையின் எழுத்துக்குப் பதிலாகக் கைப்பிடிப் பொத்தானின் எண் தோன்றியது. 5ஆம் பொத்தானும் 6ஆம் பொத்தானும் சேர்த்து அழுத்து என்று திரை சொல்ல, கைப்பிடி வாங்க வசதியில்லாமல் விசைப்பலகையோடு உட்கார்ந்திருப்பவர், தம் முன்னே உள்ள நூற்றுச் சொச்சம் விசைகளில் 5 எது, 6 எது என்று தேடுவதற்குள் பாத்திரம் இறந்துவிடும். விசைப்பலகை மட்டுமே உள்ள வீடு ஒன்று உலகில் இருக்கக்கூடும் என்பதே அந்தப் பதிப்பைச் செய்தவர்களின் எண்ணத்தில் இடம்பெறவில்லை. சிரம்பானிலோ பகாவிலோ உள்ள கணினிக் கடைகளில் இத்தகைய விளையாட்டை வாங்கிய பிள்ளைகளின் வீடுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே.

பதிப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. கணினி விளையாட்டுகள் திருட்டு நகலாகவே பரவின, ஆகவே முதலீடு செய்ய மனம் வரவில்லை என்பது அது. மலேசியாவில் சில வெள்ளிக்கு நகல் வட்டுகள் வெளிப்படையாக விற்கப்பட்டதும், அதைத் தடுக்க ஒளிவட்டுத் தயாரிப்பை உரிமத்தின்கீழ் கொண்டுவரும் சட்டம் 2000இல் இயற்றப்பட்டதும் உண்மையே. ஆயினும் இந்த நியாயத்தை முழுமையாக ஏற்பதற்கில்லை. அசல் விலை கொடுத்து வாங்கியவருக்கும் அதே பழுதுபட்ட விளையாட்டுதான் கிடைத்தது. நகல் வாங்கியவரைத் தண்டிப்பதாக நினைத்து நேர்மையானவரைத் தண்டித்தது அந்தக் கவனக்குறைவு.

காப்காமே இந்த நியாயத்தைச் செயலால் மறுத்தது என்பது குறிப்பிடத்தக்கது. எம்டி ஃபிரேம்வர்க் என்ற பெயரில் அந்நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் அடித்தளம் தொடக்கத்திலிருந்தே கணினியிலும் கன்சோல்களிலும் இயங்கும்படி வகுக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கட்டப்பட்ட டெவில் மே கிரை 4, 2008இல் கணினிக்கு வந்தபோது, நடுத்தரக் கணினியிலும் தடையின்றி ஓடியது. ஒரே நிறுவனம், ஒரே தொடர், இரண்டே ஆண்டு இடைவெளி. மாறியது திட்டமிடும் வரிசை மட்டுமே.

ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் இந்த வரலாற்றின் நடுத்தூண். 2011இல் கன்சோல்களுக்கு வெளிவந்து, தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ளும் கடுமைக்காகப் போற்றப்பட்ட இந்த விளையாட்டுக்குக் கணினிப் பதிப்பு வேண்டுமென்று 2012 ஜனவரியில் தொடங்கிய கோரிக்கை மனுவில் 90,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நிறுவனம் இணங்கியது, ஆனால் கணினிக்கென்று தனி மெருகேற்றம் எதுவும் இருக்காது என்று விளையாட்டின் தயாரிப்புத் தரப்பே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. 2012 ஆகஸ்டில் வெளிவந்த பதிப்பு, எத்தனை பெரிய திரையில் இட்டாலும் உள்ளுக்குள் 1024க்கு 720 புள்ளிகள் அளவிலேயே படத்தை வரைந்து, அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. வேகம் நொடிக்கு 30 பிரேமோடு நின்றது.

வெளிவந்த அரைமணி நேரத்துக்குள், 'டுராண்டே' என்ற புனைபெயரில் இயங்கிய ஆஸ்திரிய நாட்டு மென்பொருள் ஆய்வாளர் பீட்டர் தோமன், அந்தப் புள்ளி அளவுக் கட்டுப்பாட்டை உடைக்கும் சிறு நிரலை இலவசமாக வெளியிட்டார். டிஎஸ்ஃபிக்ஸ் என்று பெயர்பெற்ற அதைக் கோப்புறையில் போட்டதும், மங்கலாகக் கிடந்த கற்சுவர்களும் கவசத்தின் பொறிப்புகளும் துலங்கின. விளையாட்டின் கோப்புகளுக்குள்ளேயே இருந்த அழகு அதுவரை காட்டப்படாமல் கிடந்தது. பின்னர் வேகத்தை 60 பிரேமாக உயர்த்தும் வழியும் அதில் சேர்ந்தபோது, முன்னர் சொன்ன காலக்கணக்கு தன் முகத்தைக் காட்டியது. 30 பிரேமில் தாண்டக்கூடிய பள்ளத்தை 60 பிரேமில் தாண்ட முடியாதபடி தாவல் குறுகியது. ஏணியில் சறுக்கி இறங்கும் பாத்திரம் சில இடங்களில் தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்தில் விழுந்தது. அதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் 2, 2014இல் கணினிக்கு 60 பிரேம் வேகத்தோடு முறைப்படி வந்தபோதும், பிரேம் எண்ணும் பழக்கம் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாள் ஓர் உடலில் படும் ஒவ்வொரு பிரேமும் தேய்மானமாகக் கணக்கிடப்பட்டதால், கன்சோலில் நெடுநேரம் உழைத்த ஆயுதம் கணினியில் பாதி நேரத்தில் உடைந்தது. இக்குறையை விளையாடுபவர்கள் கண்டறிந்து சொல்லி, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னரே திருத்தம் வந்தது.

இவ்வாறு பழுதுபார்க்கும் வேலை விளையாடுபவர்களின் கைக்கு வந்தது இத்துறையின் மிக உயர்ந்த பண்பாட்டுச் செல்வம் எனலாம். தோமன் பிற்காலத்தில் போர்ட் வேலையையே தொழிலாகக் கொண்டு, ஜப்பானின் ஃபால்கம் நிறுவன விளையாட்டுகளின் கணினிப் பதிப்புகளில் அதிகாரபூர்வமாகப் பணியாற்றினார். டெவில் மே கிரை 3இன் பழுதுபட்ட கணினிப் பதிப்பில், சண்டையின் நடுவிலேயே போர்முறையை மாற்றும் வசதியை ரசிகர்கள் சேர்த்தனர். அதே வசதி 2020இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பில் காப்காமாலேயே சேர்க்கப்பட்டது. ரெசிடென்ட் ஈவில் 4இன் சுவர், கதவு, மரப்பெட்டி ஒவ்வொன்றின் மேற்பரப்பையும், மூலப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிச் சென்றுகூட, புதிதாக வரைந்த ரசிகர் முயற்சி பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2022 பிப்ரவரியில் நிறைவுற்றது. ஸ்குவேர் எனிக்ஸ் வெளியிட்ட நியர்: ஆட்டோமாட்டா 2017 மார்ச்சில் கணினிக்கு வந்தபோதும் முழுத்திரையில் புள்ளி அளவு தவறியது, ரசிகர் ஒருவரின் இலவச நிரல் அதை உடனடியாகச் சரிசெய்ய, அதிகாரபூர்வத் திருத்தம் 2021 ஜூலையில்தான் வந்தது. நான்காண்டுக் காலம், காசு கொடுத்து வாங்கியவர்களின் விளையாட்டை ஊதியமில்லாத ஒருவர் தாங்கினார்.

2013இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும் கணினியின் அதே வகைச் செயலியைக் கொண்டு அமைந்ததால் வேரும் மொட்டும் ஒரே இனத்துக்கு நெருங்கின. போலந்தின் கியூலாக் போன்ற தனித்தேர்ச்சி நிறுவனங்கள் பொறுப்பேற்ற பதிப்புகள், குறிப்பாக 2016இல் வந்த டிராகன்ஸ் டாக்மா, ஒட்டு எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாயின. மலேசிய வெள்ளியிலேயே விலை காட்டும் இணைய அங்காடிகளும் அப்பத்தாண்டின் நடுவில் வந்தன. கோலாலம்பூரில் பண்டாய் நம்கோ 2016இல் தொடங்கிய நிலையமும், ஃபைனல் ஃபேண்டசி 15, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 போன்றவற்றில் பங்குகொண்ட ஸ்ட்ரீம்லைன் நிறுவனமும், சிரம்பானிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இத்தொழிலைக் கொண்டுவந்து நிறுத்தின. கணினியே தம் முதன்மைத் தளமாகும் என்று 2021இல் காப்காமின் தலைமை அறிவித்தது, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்கு முன் மவுஸை மறந்த நிறுவனத்தின் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் வரலாற்று மதிப்புடையது.

ஆனால் குறை இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. ஒளியும் நிறமும் எப்படித் தெரிய வேண்டும் என்று வரைகலைச் சில்லுக்குச் சொல்லும் சிறு நிரல்கள் 'ஷேடர்' எனப்படும். கன்சோல் ஒரே வகை என்பதால் அவற்றை ஆலையிலேயே தயாரித்து அனுப்பிவிடலாம், கணினியிலோ ஒவ்வொரு வீட்டுச் சில்லுக்கும் தனித்தனியே தயாராக வேண்டும். அந்தத் தயாரிப்பைச் சண்டையின் நடுவே செய்யவிட்டால் திரை கணநேரம் உறைந்துவிடும். 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங்கில் நேர்ந்த உறைவுகளுக்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கணினியில், விண்டோஸ் விளையாட்டுகளை அக்கருவிக்கு இடைநின்று மொழிபெயர்க்கும் மென்பொருள் அடுக்கில் செய்த திருத்தத்தால் அதே விளையாட்டு பல விலையுயர்ந்த கணினிகளைவிடச் சீராக ஓடியது.

மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் 2025 பிப்ரவரி 28இல் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பே, விளையாட்டைத் தம் கணினி தாங்குமா என்று எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய நிரலைக் காப்காம் இலவசமாக வெளியிட்டது; கட்டை அவிழ்த்துச் சுரண்டிப் பார்க்கும் வேலை வாங்குபவரின் கைக்கே கொடுக்கப்பட்டது போன்றது அது. ஆனால் அதற்கு முன்னர் அறிவிக்கப்பட்ட பரிந்துரைக் கணினியின் 60 பிரேம் வேகம், இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு இடையே சில்லு தானாகக் கற்பனை செய்து செருகும் பிரேம்களையும் சேர்த்த கணக்காக இருந்தது. செருகிய பிரேம் கண்ணுக்கு அசைவை மென்மையாக்குமே தவிர, பொத்தானை அழுத்திய விரலுக்கு விளையாட்டு பதில் சொல்லும் வேகத்தைக் கூட்டாது. புதிய சில்லு வாங்க ஒரு மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய வீடுகளில், அந்தச் சோதனை நிரலின் முடிவில் தோன்றும் எண்ணில் எத்தனை பிரேம் உண்மை, எத்தனை செருகல் என்பதைப் பிரித்துப் படிக்க இப்போது பதின்வயதுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.